கம்ப்யூட்டருக்குள் வால்வு மூடிய கதை

எனக்குக் கோபம் முதலில் வரும்; அதற்கான காரணம் பின்னால் மெதுவாக நடந்து வந்து சேரும். சில நாட்களில் காரணம் வராமலே போவதும் உண்டு. அன்றைக்கு அது வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் திட்ட வேண்டிய ஆளைத் தவிர மற்ற எல்லாரையும் நான் திட்டி முடித்திருந்தேன்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு எனக்கு ஒரு பரீட்சை இருந்தது. ஐம்பது வயதில் பரீட்சை. அதுவும் என் வீட்டிலேயே, என் கம்ப்யூட்டரிலேயே, கேமரா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க. இருபத்தொரு வருடம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவள் நான். கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பிரிவில் பாடம் நடத்தினேன். தமிழில் படிக்க வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போய், போன வருடம் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். ஒரு பொன்னாடையும் ஒரு சுவர்க் கடிகாரமும் தந்து அனுப்பினார்கள். பொன்னாடை அலமாரியில் கிடக்கிறது. கடிகாரத்தை நான் பெட்டியைவிட்டு எடுக்கவே இல்லை. மணி பார்த்து நான் எங்கே போகப்போகிறேன் என்று ஓர் எரிச்சல்.

அதற்குப் பிறகு பதினொரு மாதம் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு வராது. பால் பொங்கினால் சண்டை, கோழி கூவினால் சண்டை, யாராவது “டீச்சர், இப்ப வீட்ல தானா?” என்று கேட்டால் அன்றைக்கு முழுக்கச் சண்டை. என் கணவர் எல்லாவற்றுக்கும் “ஓ” என்று, எங்கள் பக்கத்து ‘சரி’யைச் சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவார். அந்த “ஓ” இருக்கிறதே, அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

அப்போதுதான் இந்த வேலையைப் பற்றித் தெரிந்தது. பெரிய நகரத்தில் இருக்கும் ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளிகள் போன் செய்து பேசுவதைக் கேட்டு, அதைத் தமிழிலும் மலையாளத்திலும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு மொழியும் கலந்து பேசினால் புரிந்துகொள்ளத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று போட்டிருந்தார்கள். நான் சிரித்தேன். எங்கள் ஊரில் கலக்காமல் பேசத் தெரிந்தவரைத் தேடினால்தான் கஷ்டம். காலையில் தமிழில் தொடங்கின வாக்கியம் கடைத்தெருவுக்குப் போவதற்குள் மலையாளமாகியிருக்கும். சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. இது எனக்கென்றே செய்த வேலை என்று தோன்றியது. எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. கிடைக்காமல் போனால் “சும்மா எழுதிப் பாத்தேன்” என்று சொல்லிக்கொள்ளலாமே.

கம்பெனிக்காரர்களின் விதிகள் கறாரானவை. பரீட்சைக்கான சாப்ட்வேரை மூன்று நாள் முன்பே கம்ப்யூட்டரில் ஏற்றி, சோதித்து, அந்தக் கம்ப்யூட்டரைப் பதிந்துகொண்டார்கள். வேறு கம்ப்யூட்டரில் எழுத முடியாது. இரண்டு மணிக்குள் உள்ளே நுழையாவிட்டால் விண்ணப்பம் முடிந்தது. இன்னொரு தேதி கிடையாது.

கம்ப்யூட்டர் என் மகன் கல்லூரியில் படித்த காலத்தது. அவன் வளைகுடாவுக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. அது நத்தை மாதிரி இழைந்து இழைந்துதான் வேலை செய்யும். பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், ஹெட்போன் வாங்கப் பனச்சமூடு சந்திப்புக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று புலம்பினேன். “இந்தச் சவம் ஆன் ஆகதுக்கே கால் மணிக்கூர் எடுக்குது. நாளைக்கு நடுவில நின்னு போச்சுன்னா எனக்க கதை தீந்துது.”

என் கணவர் “ஓ” என்றார். நான் பஸ் ஏறப் போய்விட்டேன்.

இந்த இடத்தில் என் கணவரின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குடிநீர் வினியோகத்தில் வால்வு ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்து ஊர்களெல்லாம் மேடும் பள்ளமும். எல்லா வால்வையும் திறந்துவிட்டால் பள்ளத்தில் இருக்கிற வீடுகளில் தண்ணீர் கொட்டும். மேட்டில் கடைசியாக இருக்கிற வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். அதனால் அவர் கிளை லைன்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போவார். மூட மூட பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால் தண்ணீர் மேடேறும். கடைசியில் அந்த மேட்டு வீட்டுக்குப் போன் போட்டு “வெள்ளம் கிட்டிச்சா?” என்று, அதாவது தண்ணீர் வந்ததா என்று, கேட்பார். அங்கிருந்து ஒரு அம்மாள் முதலில் நாலு வசவு வைத்துவிட்டு, பிறகு கிடைத்தது என்று சொல்வாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குச் சாப்பிட வருவார். வருடக்கணக்காக எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானித்தது அந்த அம்மாள்தான்.

அவரிடம் ஒரு நோட்டு உண்டு. எந்த வால்வைத் தொட்டாலும் அதில் எழுதுவார். முதல் கட்டத்தில் எந்த வால்வு. இரண்டாவது கட்டத்தில், மூடுவதற்கு முன்னால் அது எத்தனை சுற்று திறந்திருந்தது; திரும்பத் திறக்கும்போது அத்தனை சுற்றுதான் திறக்க வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் வேறு எங்காவது தண்ணீர் நின்றுபோகும். மூன்றாவது கட்டத்தில், எதற்காக மூடினார். நான்காவது கட்டம் காலியாக இருக்கும். கடைசி வீட்டில் தண்ணீர் வந்ததாகச் சொன்ன பிறகு அதில் “கிட்டி” என்று எழுதுவார். கிடைத்தது என்று பொருள். மலையாளப் பள்ளியில் படித்தவர், அதனால் எழுதுவதெல்லாம் மலையாள எழுத்தில். வார்த்தை பாதி தமிழாக இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகும் மனுஷர் மாறவில்லை. வீட்டில் எது திறந்திருந்தாலும் போய் மூடுவார். நான் சமையலுக்கு நடுவில் மிளகாய் எடுக்கப் போய்த் திரும்பினால் கேஸ் மூடியிருக்கும்.

சரி, பரீட்சை நாளுக்கு வருகிறேன். காலை எட்டரைக்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன். என்ன ஆச்சரியம், படபடவென்று திறந்தது! கால் மணி நேரம் எடுக்கிற சாமான் இரண்டு நிமிடத்தில் எழுந்து நின்றது. அட, இதற்கும் இன்றைக்குப் பரீட்சை என்று தெரிந்துவிட்டதோ என்று சந்தோஷப்பட்டேன். மெயிலைத் திறந்தேன். இன்டர்நெட் இல்லை என்றது. ஒயரைக் கழற்றி மாட்டினேன். இல்லை. மோடத்தை அணைத்துப் போட்டேன். இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். இல்லவே இல்லை.

கேபிள்காரருக்குப் போன் போட்டேன். எங்கள் பகுதிக்கு லைன் இழுத்திருக்கிறவர். பதினைந்து வருடப் பழக்கம். “எப்பவும் அணில் கடிச்சுதுன்னு சொல்லுவீங்க, ரப்பர் மரம் விழுந்துதுன்னு சொல்லுவீங்க. இன்னைக்கு என்ன, ஆனை மிதிச்சுதா? எனக்கு ரெண்டு மணிக்குப் பரீட்சையாக்கும்!” என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் கத்தினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சேச்சி, நான் வாறேன்” என்றார்.

பத்தேகாலுக்கு வந்தார். மோடத்தில் விளக்கெல்லாம் பச்சை. அவர் போனை அதே லைனில் சேர்த்துப் பார்த்தார். நன்றாக வேலை செய்தது. “லைன்ல ஒரு குழப்பமும் இல்ல, கேட்டியளா” என்றார்.

“பச்சையா எரிஞ்சா போதுமா? நான் பச்சை விளக்கைப் பாத்தா பரீட்சை எழுதப் போறேன்?”

அவர் தன் போனையே ஒரு ஒயரில் கம்ப்யூட்டரோடு சேர்த்து, போனில் இருந்து நெட் கொடுத்துப் பார்த்தார். அதுவும் ஏறவில்லை. கம்ப்யூட்டர் திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து ஏதோ தட்டினார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“சேச்சி, இதுக்கு அட்ரஸ் கிட்டல்ல.”

“என்ன அட்ரஸ்?”

“ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஆன் ஆன உடனே மோடத்துகிட்ட எனக்கு ஒரு நம்பர் தான்னு கேக்கணும். அந்த நம்பர்தான் அதுக்க அட்ரஸ். அட்ரஸ் இருந்தாத்தான் வெளியில இருந்து வாறது இதுக்கு வந்து சேரும். மோடம் நம்பர் குடுக்கத் தயாரா நிக்குது. எனக்க போனுக்குக் குடுத்துதே! உங்க கம்ப்யூட்டர் கேக்கவே இல்ல.”

வாசல் பக்கமிருந்து என் கணவர், “அது வந்து…” என்றார்.

“நீங்க மிண்டாம இரிங்க. இஞ்ச மனுசி வெப்ராளத்தில நிக்குதேன்” என்று என் பதற்றத்தில் அவர் வாயை அடைத்தேன்.

கேபிள்காரர் இன்னும் ஏதேதோ செய்து பார்த்தார். என் கணவர் இன்னும் இரண்டு தடவை “அதாவது…” என்றும் “நான் என்ன சொல்லுதேன்னா…” என்றும் தொடங்கினார். இரண்டு தடவையும் நான் முடிக்கவிடவில்லை. அடுத்த தடவை அவர் வாயெடுத்தபோது, “கம்ப்யூட்டர்ல கை வச்சவன் எவனாயிருந்தாலும் அவன் கையை முறிப்பேன்” என்று பொதுவாக, யாரையும் நினைக்காமல், ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் மெதுவாக முற்றத்துக்குப் போய்விட்டார்.

பதினொன்றேகாலுக்குக் கேபிள்காரர் கையைக் கழுவினார். “எல்லாம் அழிச்சு புதுசா ஏத்தணும். பாறசாலையில கடையில குடுத்தா சாயங்காலம் கிட்டும்” என்றார். எல்லாம் அழித்தால் பரீட்சைச் சாப்ட்வேரும் போகும், பதிவும் போகும். சாயங்காலம் கிடைத்து என்ன செய்ய? அந்தக் கம்ப்யூட்டரை வைத்து நான் தேங்காயா உடைக்க? அவரையும் பாவம், வாசல் வரை திட்டிக்கொண்டே கொண்டு விட்டேன்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் தேன் ஒழுகுகிற ஆங்கிலத்தில், வருத்தமாக இருக்கிறது, ஆனால் நேரத்தை மாற்ற வழியில்லை என்றாள். மகனுக்கு அடித்தேன், அவன் வேலை நேரம், எடுக்கவில்லை.

அடுக்களைக்குப் போய்க் கதவோரம் தரையில் உட்கார்ந்து அழுதேன். கண்ணைக் கசக்கிக்கொள்கிற அழுகை இல்லை. சத்தம் போட்டு, மூக்கை முந்தானையில் சிந்தி, வெட்கமில்லாத அழுகை. பள்ளிக்கூடத்தைவிட்டு வந்த அன்றைக்குக்கூட நான் அழவில்லை. அந்தப் பதினொரு மாதத்தையும் சேர்த்து அப்போதுதான் அழுதேன் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவுதான். வேண்டும் வேண்டும் என்று ஒரு குழந்தை மாதிரி மனசு அடித்துக்கொண்டது.

நிமிர்ந்து பார்த்தால் என் கணவர் நோட்டோடு நிற்கிறார்.

“நான் ஒரு காரியம் சொல்லுவேன். நீ ஏசப்பிடாது.”

“என்ன?”

“அந்த அட்ரஸ் கேக்குற சாதனத்தை நானாக்கும் மூடினேன்.”

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்தேன். வாயைத் திறந்தேன். என்னிடம் அந்த நேரத்தில் இருந்த வார்த்தைகளை இங்கே அச்சில் போட முடியாது. ஆனால் அவர் நோட்டை என் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டார். வாசிக்கத் தெரிந்தவளுக்கு எழுத்தை நீட்டினால் கண் தானாகப் போய்விடுகிறது.

பக்கத்தின் மேலே முந்தின நாள் தேதி. அதன் கீழே மலையாள எழுத்தில் “கடைசி வீட்டுக்கு பிரஷர்” என்று எழுதி, அடிக்கோடு போட்டிருந்தார். கீழே பதினான்கு வரிகள். நான் பனச்சமூடு போயிருந்தபோது போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். கம்ப்யூட்டருக்குள் நமக்குத் தெரியாமல் எத்தனையோ சர்வீஸ்கள் ஓடிக்கொண்டிருக்கும், தேவையில்லாததை நிறுத்தினால் கம்ப்யூட்டர் பறக்கும் என்று ஒருவர் மலையாளத்தில் சொல்லியிருக்கிறார். என் கணவர் அந்தப் பட்டியலைத் திறந்திருக்கிறார். நூற்றுக்கணக்கில் வரிசையாக, எல்லாம் திறந்து கிடக்கின்றன. வால்வு மூடுகிற மனுஷருக்குக் கை சும்மா இருக்குமா? வீடியோக்காரர் ஆறைத்தான் மூடச் சொன்னார். இவர் தன் புத்தியில் இன்னும் எட்டைச் சேர்த்து மூடிவிட்டார்.

ஒன்பதாவது வரியில் அது இருந்தது. டி.ஹெச்.சி.பி. கிளையண்ட். கம்ப்யூட்டருக்கு அட்ரஸ் கேட்டு வாங்கித் தருகிற சர்வீஸ். எதற்காக மூடினார் என்ற கட்டத்தில் “அட்ரஸ் ஏற்கெனவே உண்டு. தினமும் கேட்க வேண்டாம்” என்று எழுதியிருந்தார்.

“தினமும் கேக்கணுமா?” என்றார் பரிதாபமாக. “நம்ம வீட்டு அட்ரஸ் முப்பது வருசமா ஒண்ணுதானே? ஒரு தடவை வாங்கினா போதும்னு நெனச்சேன்.”

நான் மறுபடியும் மேலே பார்த்தேன். கடைசி வீட்டுக்கு பிரஷர்.

“கடைசி வீடு யாரு?” என்று கேட்டேன்.

“நீயாக்கும். பின்ன யாரு? இழைஞ்சு இழைஞ்சு வருதுன்னு நீதானே சொன்ன.”

எனக்குத் திட்ட வேண்டியது எல்லாம் மறந்தே போயிற்று. என் வாழ்க்கையில் இது நடந்தது மிகக் குறைவு. ஏசவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல், “காலையிலேயே சொல்லித் தொலைச்சா என்ன?” என்றேன்.

“நீ சொல்ல விட்டியா?” என்றார்.

அது நியாயம். அந்த நியாயத்தை ஒத்துக்கொள்ள நேரமில்லை. மணி பதினொன்றே முக்கால். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சர்வீஸ் பட்டியலைத் திறந்து ஒன்பதாவது வரியில் இருந்ததைத் தேடிப் பிடித்தேன். டிசேபிள்ட் என்றிருந்தது. முன்னால் எப்படி இருந்தது என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே மாட்டியிருப்போம். இவர் இரண்டாவது கட்டத்தைப் பார்த்து, “ஆட்டோமேட்டிக்” என்றார். எத்தனை சுற்று என்று எழுதுகிற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் பழைய நிலையைக் குறித்து வைத்திருந்தார்! சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக், சிலவற்றுக்கு மேனுவல். அந்த நோட்டை அப்படியே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆட்டோமேட்டிக் என்று மாற்றி, ஸ்டார்ட் கொடுத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முடியாது என்று ஒரு பெட்டி வந்தது. இதைத் தொடங்க இன்னொரு சர்வீஸ் வேண்டும், அது ஓடவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மறுபடியும் கொடுத்தேன். மறுபடியும் அதே பெட்டி.

“போச்சு. எல்லாம் போச்சு” என்றேன்.

“என்ன எழுதியிருக்கு? எனக்குப் படிச்சு சொல்லு.”

படித்துத் தமிழில் சொன்னேன். அவர் முகம் மாறியது. இவ்வளவு நேரம் திருடிப் பிடிபட்டவர் மாதிரி நின்றவர் நிமிர்ந்து நின்றார். தன் இடத்துக்கு வந்துவிட்டார்.

“மெயினைத் தொறக்காம பிராஞ்சைத் தொறந்தா எப்படி வெள்ளம் வரும்? நீ நடுவில உள்ளதைத் தொறக்குற. நில்லு. கடைசியா மூடினது முதல்ல தொறக்கணும். அப்படியே கீழ இருந்து மேல வா. பைய.”

கீழே பதினான்காவது வரியில் இருந்து தொடங்கினோம். அவர் பெயரை வாசிப்பார். ஆங்கிலப் பெயர், மலையாள எழுத்து, எங்கள் ஊர் உச்சரிப்பு. நான் பட்டியலில் தேடுவேன். பழைய நிலையைச் சொல்வார், நான் மாற்றுவேன். ஒவ்வொன்றுக்கும் “ஆச்சா?” என்பார். “ஆச்சு” என்பேன். பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். பன்னிரண்டாவது வரிக்கு வந்தபோது, “இன்னா, இது பெரிய வால்வாக்கும். இதை மூடும்போ இதோட சேந்து வேற சிலதும் நிக்கும், பரவாயில்லையான்னு கேட்டுது. நான் ஓன்னு சொல்லிட்டேன்” என்றார். அந்த “ஓ”! கம்ப்யூட்டரிடமும் அதே “ஓ”வைத்தான் சொல்லியிருக்கிறார். நெட்வொர்க் ஸ்டோர் ஏதோ ஒன்று, அதுதான் மெயின். ஆட்டோமேட்டிக் கொடுத்து ஸ்டார்ட் அழுத்தினேன். ஓடியது.

பதினொன்று. பத்து. ஒன்பது. டி.ஹெச்.சி.பி. கிளையண்ட். ஸ்டார்ட் அழுத்தினேன். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. பெட்டி எதுவும் வரவில்லை. அதன் நேரே “ரன்னிங்” என்று வந்தது.

“நிக்காத, முழுசும் தொறந்திட்டுப் போ” என்றார். மீதி எட்டையும் திறந்தோம். அணைத்துப் போட்டோம். பழையபடி கால் மணி நேரம் இழைந்து இழைந்து எழுந்தது. அந்த இழையல் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது! மெயிலைத் திறந்தேன். திறந்தது. காலையில் இருந்து வந்து காத்துக்கிடந்த எல்லாம் மளமளவென்று உள்ளே விழுந்தன. “வந்திட்டு!” என்று கத்தினேன். என்ன நினைத்தேனோ, அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். முறிப்பேன் என்று சொன்ன அதே கை. மனுஷர் வெட்கப்பட்டு நோட்டைக் கீழே போட்டுவிட்டார்.

மணி பன்னிரண்டே முக்கால். கேபிள்காரருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். “சேச்சி ஏசுனது எனக்குப் புதுசா?” என்று சிரித்தார். அது எனக்கு நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று இன்றுவரை தெரியவில்லை.

இரண்டு கவளம் சோற்றை விழுங்கிவிட்டு ஒன்றரைக்கு உட்கார்ந்தேன். சாப்ட்வேர் திறந்தது. பதிந்த கம்ப்யூட்டர்தான் என்று ஒத்துக்கொண்டது. கேமரா முகத்தைப் பார்த்தது. அழுது வீங்கின முகம், இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு மணிக்கு முதல் குரல் ஹெட்போனில் வந்தது. ஒரு பெண், மாமியாருக்காக ஆஸ்பத்திரிக்குப் பேசுகிறாள். “டாக்டரே, அம்மைக்கு ராத்திரி முதல் நெஞ்சில ஒரு பிடுத்தம் உண்டு, ஆகாரம் ஒண்ணும் எறங்கல்ல.” எனக்குச் சிரிப்பு வந்தது, நிம்மதிச் சிரிப்பு. இது காரக்கோணம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் தினமும் கேட்கிற பேச்சு. நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி வலி என்று தமிழில் எழுதினேன். மலையாளத்தில் அவள் வார்த்தையையே எழுதினேன். அதன்பிறகு கை நிற்கவில்லை. இருபத்தொரு வருடம் அந்தத் தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் எழுதின கலப்புத் தமிழையெல்லாம் பிரித்துத் திருத்தின கை அது.

நாலு மணிக்கு வெளியே வந்தேன். என் கணவர் முற்றத்தில் கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரமாக அங்கேயேதான். கரண்ட் குறைந்துவிடக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கெஞ்சி அவர்கள் தண்ணீர் மோட்டாரை நிறுத்தி வைத்திருந்தார். மடியில் நோட்டு.

“கிட்டிச்சா?” என்றார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கேன். கிட்டும்னு தோணுது. எழுதிக்கிடுங்க” என்றேன்.

அவர் நோட்டைத் திறக்கவில்லை. “தோணுதுன்னா எல்லாம் எழுத முடியாது. கடைசி வீட்டுல வெள்ளம் வரணும்” என்றார். அவ்வளவு பட்ட பிறகும் சட்டம் பேசுகிறார், பாருங்கள்.

பதினாறு நாள் கழித்து, காலையில் மெயில் வந்தது. நான் இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை வாய்விட்டு வாசித்தேன். எனக்கு வேலை. அடுத்த திங்கள்கிழமை முதல். கூவிக்கொண்டு ஓட வேண்டும் என்றிருந்தது. ஆனால் எழுந்து மெதுவாக நடந்து முற்றத்துக்குப் போனேன். அவர் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“வந்தாச்சு” என்றேன். “கடைசி வீட்டுக்கு வந்தாச்சு.”

அவர் என்னைப் பார்த்தார். குழாயை மூடினார். ஈரக்கையை வேட்டியில் துடைத்தார். உள்ளே போய் நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்து படியில் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தில் நான்காவது கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறுமையாகக் கிடந்தது. முதல் வரிக்கு நேரே “கிட்டி” என்று எழுதினார். இரண்டாவது வரிக்கும் எழுதினார். மூன்றாவதுக்கும்.

“ஒண்ணு எழுதினா போதாதா?” என்று கேட்டேன்.

“பதினாலையும் மூடினது நானாக்கும்” என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் பதினான்கையும் எழுதி முடிக்கும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.